பழசு என்றால் ஆடத்தான் வேண்டுமா?



சென்ற மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் நாரந்தனை. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை கடந்து, ஊர்காவற்றுறைப் பக்கம் போகவேண்டும். தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து மலைக்கு வந்து பதினொரு வருடமாகிறது. ஆனாலும் "யாழ்ப்பாணத்து சேர்" என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஆகவே ஊர்க்கதை ஒன்றோடு தொடங்கினால் பொறுத்துக்கொள்வீர்கள்.

மாமாவிடம் ஒரு மெஸி பெர்குசன் 135 உழவு இயந்திரம் இருக்கிறது. 1964இல் வெளிவரத் தொடங்கிய மாதிரி அது. என்னைவிட வயது கூடியது. உப்புக் காற்றில் மட்கார்ட் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. நெல் விதைப்பு முடிந்து, பெட்டியைப் பூட்டிப் புகையிலைத் தறைக்கு எரு ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன் (செய்யக் கூடாத வேலைதான்). வண்டி குலுங்கிய குலுக்கில் பல் கிட்டியது. "பழசுதானே மாமா" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பழசெண்டால் ஆடோணுமெண்டு ஆர் சொன்னது? போன கிழமை ஆடேல்லை. இண்டைக்கு ஆடுதெண்டால் ஏதோ கழண்டிருக்கு."

எருவை இறக்கிவிட்டு, பெட்டியையும் கழற்றிவிட்டு, அன்று பின்னேரம் முழுக்க அதைத்தான் பார்த்தார். முதலில் கேட்டது ஒரே கேள்வி: நின்ற இடத்திலும் ஆடுகிறதா, ஓடும்போது மட்டும் ஆடுகிறதா? நியூட்ரலில் விட்டு, சில்லுக்குக் கட்டை கொடுத்து, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார். இன்ஜின் சீராகத்தான் ஓடியது. நின்ற இடத்திலேயே ஆடியிருந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி நொண்டியடிக்கும். மெக்கானிக் என்றால் துணியைச் சுற்றிக்கொண்டு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது என்று அர்த்தம். டீசல் அங்கே தோலையே துளைக்கும் அழுத்தத்தில் வரும். ஆகவே பழகாத கை தொடக்கூடாது.

அடுத்து ஓட்டிப் பார்த்தார். சமதரையில், கிளச்சை மிதித்ததும் ஆட்டம் நிற்கிறதா? நிற்கவில்லை. அப்படியென்றால் சில்லு, அச்சு, டயர். தீவில் இந்தச் சோதனையைச் செய்யலாம், பனை உயரத்துக்குக்கூட மேடு கிடையாது. மலையில் செய்யக்கூடாது. இறக்கத்தில் கிளச்சை மிதித்தோ நியூட்ரலிலோ விட்டால் இன்ஜின் பிடி விட்டுப்போகும், பிரேக் ஒன்றுதான் மிச்சம். பழைய இயந்திரத்தின் பிரேக்கை நம்பி யார் உயிரை வைப்பது?

கடைசியில் கண்டது இரண்டு. டயர்க் கடைப் பையன் லொறிக்கு அடிப்பதுபோலப் பின் டயருக்கு 30 இறாத்தலுக்கு மேல் காற்றடித்து விட்டிருந்தான். 12 முதல் 16 வரை இருக்கவேண்டிய டயர் அது. இந்த வகை இயந்திரத்தின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. டயர்க் காற்றும் ஆசனமும்தான் ஸ்பிரிங். டயர் கல்லானால் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் நேரே முள்ளந்தண்டுக்கு வரும். காற்றை இறக்கியதும் பாதி ஆட்டம் போய்விட்டது. மிச்சம் முன் அச்சு. ஜக்கால் தூக்கிச் சில்லைப் பிடித்து ஆட்டினால் பெயாரிங் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அச்சின் நடு ஊசி புஷ்ஷில் கடகடவென்று ஆடியது. அந்தப் புஷ்ஷின் விலை ஒரு நாள் கூலிகூட வராது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், விடுமுறை முடிந்து தோட்டத்துக்கு வந்த முதல் கிழமையே நம்முடைய டிராக்டர் டிரைவர் ஒருவர் பாடசாலைப் பக்கம் வந்தார், பிள்ளைக்குக் கடிதம் வாங்க. படியில் ஏறமுடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருடமாகக் கொழுந்தும் உரமூட்டையும் ஏற்றுகிறவர். "மெசின் ரொம்ப ஆடுது சேர். சொன்னா, பழைய மெசின் அப்படித்தான் ஆடும்ங்கிறாங்க" என்றார்.

நான் மாமாவிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த டிராக்டரைப் போய்ப் பார்த்தேன். ஆசனத்தின் ஸ்பிரிங் எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் உரச்சாக்கை மடித்து வைத்திருக்கிறார். பின் டயர் ஒன்று புதிது, மற்றது மொட்டை. பெட்டி கொளுவும் ஊசி தேய்ந்து, புறப்படும்போதும் நிறுத்தும்போதும் பின்னாலிருந்து இடிக்கிறது. அந்தப் பெட்டியில்தான் தூரத்து மலைக்கு நம் அக்காமார் நின்றுகொண்டு போகிறார்கள். மழை நாளில் பாடசாலைப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள், அதை நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். டிரைவரின் முதுகை உடைக்கிற ஆட்டமும், ஒரு நாள் அந்த ஊசியை உடைக்கப்போகிற ஆட்டமும் ஒன்றுதான்.

மாமா தன் இயந்திரத்தில் தானே உட்காருகிறார். ஆட்டம் அவர் முதுகுக்கே வருவதால் அன்றைக்கே நிறுத்தினார். தோட்டத்தில் உட்காருகிறவர் ஒருவர், பழுதுபார்க்கப் பணம் கொடுக்கவேண்டியவர் வேறொருவர். இடையில் இருக்கவேண்டியது சங்கம். நாம் இருந்தோமா? 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய்க்காக எத்தனை வருடம் தெருவில் நின்றோம்! அது சரிதான். விபத்தில் கை முறிந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதுவும் சரிதான். குலுங்கிக் குலுங்கிக் கெட்ட முதுகுக்கு மட்டும் தைலம் தடவச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆட்டப்படும்போது முள்ளந்தண்டு அதோடு சேர்ந்து பெரிதாக ஆடுகிறது. டிராக்டரின் ஆட்டம் பெரும்பாலும் அதற்குக் கிட்டத்தான் வரும். இதை ஐரோப்பாவில் அளந்து, 2002ஆம் ஆண்டில் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் உடைந்த ஸ்பிரிங்கைக் காணக் கருவி தேவையில்லையே.

நான் கேட்பது இது. ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு கொப்பி. டிரைவர் திகதி போட்டு எழுதவேண்டும்: நின்ற இடத்தில் ஆடியதா, ஓடும்போதா, எந்த வேகத்தில், சுமையோடா சுமையில்லாமலா, யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது. எழுத வராதவருக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதா மாதம் தலைவர் அந்தக் கொப்பியோடு துரையைச் சந்திக்கவேண்டும். ஸ்பிரிங்கும் ஊசியும் மாறும்வரை அந்தப் பெட்டியில் ஆள் ஏறக்கூடாது.

டிரைவரிடம் இதைச் சொன்னபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மெசின் கராச்சுக்குப் போனா என்னைப் புல்லுவெட்ட அனுப்புவாங்க சேர், ஓவர்டைமும் போயிரும்" என்றார். நியாயமான பயம். அவர் இவ்வளவு நாள் வாய்மூடி இருந்ததற்குக் காரணமே அதுதான். ஆகவே கொப்பிக்கு முன்னால் பேசவேண்டியது இன்னொன்று: இயந்திரம் பழுதில் நிற்கும் நாட்களுக்கு டிரைவரின் பேர் குறையக்கூடாது, சராசரி ஓவர்டைமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாகப் போடக் கேட்டிருக்கிறேன். மற்றத் தோட்டங்களிலும் போடுங்கள். கொப்பிகள் பாடசாலை அலுமாரியில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளலாம்.