ஓய்வூதியம் வாங்கிய பிறகா ஊழியம்?

சென்ற மாதம் எங்கள் சபையில் ஒரு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். அந்த வீட்டுப் பெண் பி.எஸ்ஸி. நர்சிங்கை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தாள். ஒடிசா மலைப்பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவதாகத் தீர்மானித்திருப்பதாகவும், அதற்காகச் சபையார் ஜெபிக்க வேண்டும் என்றும் எழுந்து நின்று சொன்னாள். கூடம் அப்படியே அடங்கிப்போனது. பிறகு ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். “ஏம்மா, ஊழியம் எங்க ஓடிடப் போகுது? முதல்ல ஓ.இ.டி. பரீட்சை எழுதி லண்டனுக்குப் போ. நாலு காசு சேரு, தம்பியப் படிக்க வை, கல்யாணத்த முடி. அப்புறம் ஆண்டவருக்குச் செய்யலாம்லா.” சுற்றி இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். குருவானவரும் தேவன் அவளை லண்டனிலேயே சாட்சியாக நிறுத்த வேண்டும் என்று ஜெபித்து முடித்தார்.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதை நம் வீடுகளில் பாதிப் பேர் சொல்கிறார்கள், மீதிப் பேர் சொல்லாமல் நினைக்கிறார்கள். முதலில் வாழ்க்கை, மிச்சம் இருந்தால் ஆண்டவர் என்பதுதான் இன்று நம் சபைகளின் எழுதப்படாத விசுவாசப் பிரமாணம். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று வேறொன்றை அறிக்கையிடுகிறோம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்குகிறோம்.

இவர்களிடம் நான் அசரியாவைப் பற்றித்தான் கேட்பேன். வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிப் பக்கம் நம் பிள்ளைகளுக்கு ஆசையாக வைக்கிறோமே, அதே பெயர். 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார், பெரிய பொறுப்புகளுக்கு உயர்ந்தார், 1907இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாடு வரை போய்வந்தார். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டுத் தாங்களே ஊழியரை வெளியிடத்துக்கு அனுப்புவதைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு அந்தச் சங்கம் ஊழியரை அனுப்பியது. ஆள் அனுப்பினோம், காணிக்கை அனுப்பினோம் என்று அசரியா அதோடு நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1909இல், 35ஐ நெருங்கும் வயதில், குடும்பத்தோடு அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார். பாஷை தெலுங்கு, அதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. குடியிருந்தது முதலில் கூடாரத்தில். சுற்றிலும் காடு.

இந்த மனிதரிடம் நம் பெரியவர் போய், “தம்பி, கையில இருக்கிற வேலைய விடாதீங்க, பிள்ளைக வளரட்டும்” என்று சொல்லி அவரும் கேட்டிருந்தால்? தோர்ணக்கல் திருமண்டலம் எங்கே இருந்திருக்கும்? 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் நம் தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமை எங்கிருந்து வந்திருக்கும்?

உடனே ஒரு பதில் தயாராக வரும். அவருக்கு அழைப்பு இருந்தது, எல்லாருக்கும் அழைப்பு கிடையாது என்பார்கள். சரி, அழைப்பு உள்ள ஒரு பிள்ளை கண்முன்னே எழுந்து நின்றதே, அதை ஏன் நம்பவில்லை? கவனித்துப் பாருங்கள். லண்டனுக்கோ துபாய்க்கோ போகிற பிள்ளையிடம் “நல்லா ஜெபிச்சியா? இது தேவ சித்தம்தானா?” என்று ஒருவரும் கேட்பதில்லை. விசா வந்துவிட்டால் தேவன் கதவைத் திறந்தார் என்று சாட்சி சொல்லி, காணிக்கை போட்டு, எல்லாருக்கும் லட்டு கொடுக்கிறார்கள். ஒடிசாவுக்குப் போகிறேன் என்கிற பிள்ளையிடம் மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. இன்னும் ஜெபி, அவசரப்படாதே, உணர்ச்சிவசப்படாதே என்கிறார்கள். சம்பளம் கூடும் இடமெல்லாம் தேவ சித்தம், சம்பளம் குறையும் இடமெல்லாம் வாலிப வேகம். இப்படி ஒரு வேதத்தை யார் நமக்கு எழுதிக் கொடுத்தது? தோர்ணக்கல்லில் அசரியாவுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது? கூடாரத்துக்குக் கதவே கிடையாது!

ஆண்டவர் ஆபிரகாமை ஆரானிலிருந்து கிளப்பியபோது அவருக்கு 75 வயது. சொத்தும் ஆளும் சேர்ந்து, நிலையாக உட்கார்ந்துவிட்ட மனிதர். உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டிப்போன கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு, எழுந்து நிற்கிற பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கிறோம். வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்று தவணை கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும்?

இன்னொரு பழக்கம் இருக்கிறது. சொல்லவே நாக்கு கூசுகிறது. பிளஸ் டூவில் தவறிய பையனை, எதிலும் தரிக்காத பையனை, “இவனை ஊழியத்துக்கு விட்டுடலாம்” என்று நேர்ந்துகொள்கிறோம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்புகிறோம். பழுதான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை மல்கியா தீர்க்கதரிசி என்ன பாடு படுத்தினார் என்பதை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். தவறிய பையனுக்கும் இது அநியாயம், அவனுக்கு வேறொரு நல்ல வேலை இருந்திருக்கும்.

வேலூர் சி.எம்.சி.யில் ஒரு சீட்டுக்காக உபவாசம் இருக்காத கிறிஸ்தவக் குடும்பம் நம் ஊரில் குறைவு. அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது? மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் வைத்தியமில்லாமல் இறந்ததைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த திட்டத்தையெல்லாம் தூக்கிப் போட்டார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பிவந்தார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் தூக்கிப் போட்டதால் முளைத்த கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கேட்கிறோம். இடம் கிடைத்து, படித்து முடித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தக் காலம் வந்ததும், அதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று ஆள் பிடிக்கிறோம்.

“கல்யாணத்த முடி” என்றாரே பெரியவர், அதையும் விடுவதாக இல்லை. பெண் சம்பாதிக்க லண்டன் போக வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் அவளுடைய நகைக்கும் ரொக்கத்துக்கும்தான். வரதட்சணையை வாங்கிக்கொண்டு ஆலயத்தில் மோதிரம் மாற்றுகிற கூட்டம், பிறகு தேவனுக்குச் செய்யலாம் என்று தவணை சொல்கிறது. அசரியா 1898இல் வரதட்சணை வாங்காமல் கல்யாணம் செய்தவர். அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பணம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். திருமண்டலத் தேர்தலுக்கு அணி சேர்த்து, வேன் வைத்து, கோர்ட்டு வரை போய்ச் செலவழிக்கிற பணத்தில் எத்தனை மலைக்கிராமத்து நர்சுகளுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம்! அங்கே செலவழிக்கும்போது எதிர்காலப் பாதுகாப்பு ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை.

கடைசியாக ஒன்று வரும், அதுவும் தாழ்ந்த குரலில். “அவர் ஆம்பள. இது பொம்பளப் பிள்ளை.” அசரியா தோர்ணக்கல்லுக்குத் தனியாகவா போனார்? அவர் மனைவி அன்பு மரியம்மாளும் போனார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் சிலரில் ஒருவர். சென்னையிலோ பாளையங்கோட்டையிலோ மரியாதையாக ஒரு வேலையில் உட்கார்ந்திருக்க முடிந்தவர். அதை விட்டுவிட்டுப் பாஷை புரியாத ஊருக்குப் போய், பிள்ளைகளை அங்கே வளர்த்து, தெலுங்குக் கிராமத்துப் பெண்கள் நடுவில் கணவரோடு சேர்ந்து உழைத்தார். அன்றைக்கு ரோடு கிடையாது, போன் கிடையாது, ஆபத்துக்குக் கூப்பிட ஓர் ஆம்புலன்ஸ் கிடையாது. அந்த அம்மாளை வழியனுப்பி வைக்க அன்றைய திருநெல்வேலிச் சபையாருக்கு மனம் வந்தது. அவர்களைவிடப் பத்து மடங்கு வசதியோடு உட்கார்ந்திருக்கிற நமக்கு ஏன் வரவில்லை?