பாஸ்மதிக்கு ஒரு நியாயம், பொன்னிக்கு ஒரு நியாயமா?

தோழர்களே, அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுன்னா நாட்டுல எல்லா விவசாயிக்கும் ஒரே அடிதான் விழும்னு நினைக்கிறோம். கணக்கு வேற கதை சொல்லுது. பாருங்க.

பாஸ்மதி (பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம்):
2022-23: சுமார் 45.6 லட்சம் டன்
2023-24: சுமார் 52.4 லட்சம் டன்

பாஸ்மதி அல்லாத அரிசி (ஆந்திரா, தெலங்கானா, சத்தீஸ்கர், வங்காளம், நம்ம தமிழ்நாடு):
2022-23: சுமார் 178 லட்சம் டன்
2023-24: சுமார் 111 லட்சம் டன்

அதே நாடு, அதே வருஷம். ஒரு பக்கம் ஏறுது, இன்னொரு பக்கம் மூணுல ஒரு பங்குக்கு மேல காணோம்!

என்ன நடந்தது? 2023 ஜூலை 20, பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்ட் 25, புழுங்கலரிசிக்கு 20% வரி. பாஸ்மதிக்கும் டன்னுக்கு 1,200 டாலர்னு குறைந்தபட்ச விலை வச்சாங்க, உண்மைதான். ஆனா எதிர்ப்பு கிளம்பியதும் 2 மாசத்துல அது 950 ஆச்சு. 2024 செப்டம்பர் 13-ல், ஹரியானா தேர்தலுக்கு 3 வாரம் முன்னாடி, அதையும் எடுத்துட்டாங்க. பச்சரிசித் தடை மட்டும் 14 மாசம் நீடிச்சது.

நாம விட்ட சந்தை சும்மா இருக்குமா? தாய்லாந்து ஏற்றுமதி 2022-ல் சுமார் 77 லட்சம் டன், 2024-ல் 99 லட்சத்தைத் தாண்டிடுச்சு. வியட்நாம் 71-ல் இருந்து 90 லட்சம் டன்.

"உள்நாட்டுல விலை ஏறக்கூடாதுன்னுதானே செஞ்சோம்" என்கிறது ஒன்றிய அரசு. ஏழை வீட்டு உலை கொதிக்கணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்தச் சுமையை யார் தலையில வச்சாங்க என்பதுதான் கேள்வி. 2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, டெல்டாவில் குறுவை நட்டுக்கிட்டு இருந்தப்பதான் தடை வந்தது. நேரடி கொள்முதல் நிலையத்துல போடுறவருக்கு அரசு விலையாவது உண்டு. சன்ன ரகத்தை நம்பி வியாபாரிக்கு விக்கிறவருக்கு? நட்ட பயிரைப் பிடுங்கி வேற பயிர் வைக்க முடியுமா?

பஞ்சாப் விவசாயி மேல நமக்குப் பொறாமை இல்லை. அவங்க போராடி வாங்கினாங்க, வாழ்த்துகள். நம்ம கோரிக்கை மூணுதான்:

1. கட்டுப்பாடு எதுவானாலும் விதைப்புக்கு முன்னாடியே அறிவிக்கணும்.
2. முழுத் தடைக்குப் பதிலா, விலைக்கு ஏத்தபடி படிப்படியான வரி போதும்.
3. முடிவெடுக்கும் முன் நெல் விளையும் மாநிலங்களைக் கேட்கணும்.

2024-25-ல் பாஸ்மதி அல்லாத அரிசி 141 லட்சம் டன்னுக்குத்தான் மீண்டிருக்கு, பழைய 178 இன்னும் வரலை. போன சந்தை கூப்பிட்டதும் திரும்பி வராது தோழர்களே. அடுத்த தடை வர்றதுக்கு முன்னாடி இப்பவே பேசுவோம். உங்க ஊர் விவசாயக் குழுக்களில் பகிருங்கள்.

#பொன்னிக்கும்_நியாயம்_வேண்டும்