பின்னிற்போர் பெருமை

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவனையே தோளிற் சுமப்பது நம்மவர் வழக்கம். பின்னின்று காப்பவனைப் படத்திலும் ஓரத்திலே நிறுத்துவர். இது முறையன்று என்பது எமது துணிபு. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் அறிவர்: வரப்பு உறுதியாய் நிற்குமட்டும் அதனை மிதித்துக் கட்டினவனை எவரும் வினவார், உடைந்தாலோ, பாத்தியிற் தேக்கிய உப்புநீர் அனைத்தும் பாழ்.

பஞ்சாபில் 1936-இல் பிறந்த ஜர்னைல் சிங் இத்தகையதோர் வரப்பு. கல்கத்தா மோகன் பகான் கழகத்தின் காவல் அவரை நம்பியிருந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில், தாய்லாந்துடன் ஆடுங்கால் தலையிற் காயமுற்றார், தையலிட்டனர். பயிற்சியாளர் ரகீம் செய்த யுக்தி வியக்கற்பாலது. அவரை விலக்காது முன்னணிக்கே அனுப்பினார்! கட்டிட்ட தலையுடன் அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக மற்றொன்று. இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது.

"முன்னே சென்றபின்னன்றோ புகழ் வந்தது!" என நகைப்பாரும் உளர். தாக்குவோர் வரும் வழியெல்லாம் பல்லாண்டு நின்று கண்டவனுக்கே காவலின் சோர்வு எங்குளதென்று தெரியும் என்பது அவர்க்கு எம் விடை. பின்னர் அவர் இந்திய அணித்தலைவரானதும், பஞ்சாப் அணியைப் பயிற்றியதும் அக்கண்ணின் பயனே. நம் கல்லூரியார் அடுத்த தலைவனைத் தேருங்கால் பின்வரிசையையும் ஒருமுறை நோக்குவாராக.