முதுகுக்குப் பின்னால் ஒரு துணி



ஊர் ஊராகச் சென்று மனிதர்களைப் படமெடுப்பவர்களுக்கான இதழ் இது. லென்ஸ் பற்றி உள்ளே நிறையப் பேசியிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் பின்திரைத் துணியைப் பற்றிப் பேச ஆசை.

மாலி நாட்டின் பாமாக்கோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ தொடங்கிய செய்டு கெய்ட்டாவுக்கு, குஞ்சம் வைத்த அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பே முதல் பின்திரை. முற்றத்து வெயிலில் அதைக் கட்டிப் படமெடுத்தார். பிறகு பூவும் இலையுமான திரைகள் வந்தன. பூப்போட்ட உடையில் வந்த பெண்கள் பூப்போட்ட திரைமுன் அமர்ந்தார்கள். ஆனாலும் படத்தில் முதலில் தெரிவது முகமும் கையும்தான். அங்கே மட்டும்தானே பூவேலை இல்லை! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் திரையை மாற்றினார். தேதி எழுதாத படங்களின் காலத்தைப் பின்னாளில் அந்தத் திரைகளே காட்டிக்கொடுத்தன.

நம் ஊரிலும் துணிக்குப் பஞ்சமில்லை. ஐந்தரை மீட்டர் சுங்குடிச் சேலையை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஏழடிக்கு மேல் அகலம், ஒன்பதடி உயரம் கிடைக்கும். இருவர் தாராளமாக நிற்கலாம். சுருக்கம் விழாமல் கனமாகத் தொங்க வேண்டுமானால் பவானி ஜமக்காளம் நல்லது. சுமக்கத் தெம்பு வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கத் தைப்பதுபோல மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பிவிசி குழாயை நுழைத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது மடிக்காமல் குழாயிலேயே சுருட்டுங்கள். காற்றடித்தால் கீழ் ஓரத்தில் மணல் பைகளைக் கட்டுங்கள்.

மிக நெருக்கமான கோடும் கட்டமும் டிஜிட்டல் கேமராவில் அலையலையாக நெளியும். உள்ளங்கை அளவுப் பூ பாதுகாப்பானது. பூக்கள் துலங்க ஆளைத் திரையை ஒட்டி நிறுத்துங்கள். மங்க வேண்டுமானால் ஐந்தாறு அடி முன்னால் நிறுத்தி, அபெர்ச்சரை அகலத் திறந்துவையுங்கள்.

துணியைத் தேர்ந்துவிட்டால் அதை அடிக்கடி மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 1950-இல் பாரிஸில் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் ஒரு பழைய நாடகத் திரையைத் தேடிப்பிடித்தார். விலையுயர்ந்த ஆடை அணிந்த மாடல்களையும், வேலைக் கருவிகளோடு வந்த உழைப்பாளிகளையும் அதே திரைமுன் நிறுத்தினார். வாழ்நாள் முழுக்க அது அவரோடு இருந்தது.

தலைவருக்கு ஒரு திரை, தயிர் விற்கும் அம்மாவுக்கு வெறும் சுவர் என்று பிரிக்காமல், எல்லோருக்கும் உங்களிடமுள்ள நல்ல துணியையே விரியுங்கள். படத்தின் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்