அடித்தது கோல், கிடைத்தது ஏச்சு!

கோல் அடித்த வீரரைப் பார்த்து, அவருடைய சொந்த நாட்டு மக்களே கூச்சல் போடுவார்களா?

போட்டார்கள்!

1977-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. போலந்து நாட்டில் உள்ள ஹோஷூவ் நகரம். அங்குள்ள பெரிய மைதானத்தில் போலந்தும் போர்ச்சுக்கலும் கால் பந்து ஆடின. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்கான ஆட்டம் அது. தோற்காமல் இருந்தாலே போதும், போலந்து உலகக் கோப்பைக்குப் போய்விடலாம்.

போலந்துக்கு ஒரு "கார்னர்" கிடைத்தது. அதாவது, மைதானத்தின் மூலையில் பந்தை வைத்து உதைக்கும் வாய்ப்பு. போலந்து காப்டன் உதைத்தார். பந்து காற்றில் வளைந்தது. நேராகக் கோலுக்குள் போய் விழுந்தது!

மூலையில் இருந்து நேராகக் கோல் போடுவது மிக அரிது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. போலந்து தகுதி பெற்றது. அந்த ஒரு கோல்தான் அதற்குக் காரணம்.

ஆனால் கூட்டம் என்ன செய்தது? அந்தக் காப்டனைப் பார்த்து விசில் அடித்தது. ஐரோப்பாவில் விசில் அடித்தால் பாராட்டு அல்ல. "நீ வேண்டாம், போ!" என்று அர்த்தம்.

அந்தக் காப்டனின் பெயர் கஜிமியேஷ் டெய்னா. இன்று போலந்தின் தலைநகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

உயிரோடு இருக்கும்போது ஏச்சு. இறந்த பிறகு சிலை. இது சரியா? இதைத்தான் இன்று நாம் யோசிக்க வேண்டும்.

யார் இந்த டெய்னா?

டெய்னா 1947-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி பிறந்தார். ஊர், வட போலந்தில் உள்ள ஸ்டாரோகார்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. போரால் நாடே நொறுங்கிக் கிடந்த நேரம். டெய்னாவின் குடும்பம் பெரிய குடும்பம், பிள்ளைகள் பலர்.

சிறுவனாக இருந்தபோதே உள்ளூர்க் குழுவில் பந்து ஆடத் தொடங்கினார். 1966-ல் லோட்ஸ் நகரத்தின் பெரிய குழு ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் முதல் பிரிவில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடினார். அதற்குள் ராணுவத்தில் இருந்து அழைப்பு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் போலந்து இளைஞர்கள் ராணுவத்தில் கட்டாயமாகச் சேவை செய்ய வேண்டும். ராணுவத்துக்கு ஒரு கால் பந்துக் குழு இருந்தது. அதன் பெயர் லெகியா. அது தலைநகரமான வார்சாவில் இருந்தது. நன்றாக ஆடும் பையன்களை ராணுவம் அழைக்கும். சீருடை கொடுக்கும். பிறகு, "லெகியாவுக்கு ஆடு" என்று சொல்லிவிடும்.

டெய்னாவும் அப்படித்தான் லெகியாவுக்கு வந்தார். 1978 வரை அங்கேயே ஆடினார். லீக் பந்தயங்களில் 304 ஆட்டங்கள், 94 கோல்கள். 1969-லும் 1970-லும் லெகியா போலந்தின் சாம்பியன் ஆயிற்று.

கோபம் எங்கிருந்து வந்தது?

மற்ற ஊர்க்காரர்களுக்கு லெகியா மீது கோபம். "நாங்கள் வளர்த்த பிள்ளையை ராணுவம் கொண்டுபோகிறதே!" என்று பொருமினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஹோஷூவ் நகரம் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் செல்லப் பிள்ளை, லுபான்ஸ்கி என்ற வீரர். அவர்தான் முன்பு போலந்தின் காப்டன். 1973-ல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அவர் இடத்துக்கு டெய்னா காப்டனாக வந்தார். ஆகவே, சுரங்கப் பகுதி மக்களுக்கு டெய்னாவைக் கண்டால் இரட்டைக் கசப்பு.

ஆனால் ஒன்றை அவர்கள் மறந்துவிட்டார்கள். ராணுவம் கொண்டுபோன பிள்ளைகளில் டெய்னாவும் ஒருவர்தானே! லெகியாவுக்குப் போகிறேன் என்று அவர் மனுப் போடவில்லை. சட்டத்தின் மீது இருந்த கோபத்தை, அந்தச் சட்டத்தில் அகப்பட்ட ஆள் மீதே காட்டினார்கள். சட்டம் போட்டவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மைதானத்தில் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்தார். கூட்டம் எப்போதும் அகப்பட்டவரைத்தான் அடிக்கும்.

தங்கப் பதக்கம்

டெய்னா நாட்டுக்கு என்ன செய்தார்? கணக்குப் பார்ப்போம்.

1972-ல் மியூனிச் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இறுதி ஆட்டத்தில் போலந்தும் ஹங்கேரியும் மோதின. இடைவேளையின்போது போலந்து 0-1 என்று பின்தங்கி இருந்தது. இடைவேளைக்குப் பிறகு டெய்னா ஒரு கோல் போட்டார். இன்னொரு கோலும் போட்டார். போலந்து 2-1 என்று வென்றது. தங்கப் பதக்கம்! அந்த ஒலிம்பிக்கில் டெய்னா மொத்தம் 9 கோல் போட்டார். அவ்வளவு கோல் வேறு யாரும் போடவில்லை.

1973 அக்டோபரில் லண்டன் வெம்பிளி மைதானம். இங்கிலாந்து வென்றே தீர வேண்டிய ஆட்டம். டெய்னாவின் குழு 1-1 என்று ஆட்டத்தை முடித்தது. கால் பந்தைப் பிறப்பித்த இங்கிலாந்து உலகக் கோப்பைக்குப் போகவில்லை. போலந்து போனது.

1974-ல் மேற்கு ஜெர்மனியில் உலகக் கோப்பை. பயிற்சியாளர் கூர்ஸ்கி, காப்டன் டெய்னா. போலந்து அர்ஜென்டினாவை வென்றது. இத்தாலியை வென்றது. சுவீடனை வென்றது. யூகோஸ்லாவியாவையும் வென்றது. மழைநீர் தேங்கிய பிராங்பர்ட் மைதானத்தில் மேற்கு ஜெர்மனியிடம் மட்டும் 0-1 என்று தோற்றது. கடைசியில் பிரேசிலை 1-0 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றது.

அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் இடம் ஹாலந்தின் கிரைப். இரண்டாம் இடம் ஜெர்மனியின் பெக்கன்பவர். மூன்றாம் இடம் டெய்னா!

1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம்.

நடந்தே ஆடியவர்

டெய்னா வேகமாக ஓடுபவர் அல்ல. பார்த்தால் நடப்பதுபோல் இருக்கும். "சோம்பேறி" என்று சிலர் பழித்தார்கள்.

அது தவறு. டெய்னா தலையை நிமிர்த்தி ஆடினார். யார் எங்கே இருக்கிறார், யார் எங்கே ஓடப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பந்து காலுக்கு வந்ததும், சரியான ஆளிடம் சரியான நேரத்தில் அனுப்புவார். எவ்வளவு வேகமாக ஓடும் மனிதனும் பந்தின் வேகத்துக்கு ஓட முடியாது. பந்தை ஓடவிட்டவருக்குத் தான் ஓட வேண்டிய அவசியம் குறைவு.

வேர்வை சிந்துவதுதான் உழைப்பு என்று நாம் நினைக்கிறோம். யோசிப்பதும் உழைப்புதான்.

ஒரே ஓர் உதை

1978 ஜூன் 14-ந் தேதி. அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை. ரொசாரியோ நகரில் போலந்தும் அர்ஜென்டினாவும் மோதின. அர்ஜென்டினா 1-0 என்று முன்னணியில் இருந்தது. போலந்தின் பந்து கோலுக்குள் போகப் போனது. அர்ஜென்டினா வீரர் கெம்பஸ் கையால் தடுத்தார்!

போலந்துக்குப் பெனால்டி கிடைத்தது. கோலில் இருந்து 12 கெஜ தூரத்தில் பந்து. எதிரே கோல் கீப்பர் மட்டும். டெய்னா உதைத்தார். கோல் கீப்பர் பில்லோல் தடுத்துவிட்டார்.

போலந்து 0-2 என்று தோற்றது. பிறகு பெருவை வென்றும், பிரேசிலிடம் தோற்றதால் இறுதி ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. பழி எல்லாம் டெய்னாவின் தலையில் விழுந்தது. அந்த உலகக் கோப்பையோடு தேசியக் குழுவில் அவருடைய ஆட்டம் முடிந்தது. நாட்டுக்காக அவர் ஆடியது 97 ஆட்டங்கள். போட்டது 41 கோல்கள். மக்கள் பேசியது, போடாத ஒரு கோலைப் பற்றி!

"காசு கொடுத்து ஆட்டம் பார்க்கிறோம். குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று ரசிகர்கள் கேட்கலாம்.

உரிமை உண்டு. "பெனால்டியைத் தவற விட்டார்" என்று சொல்லலாம். அது உண்மை. "இன்று ஆட்டம் சரியில்லை" என்றும் சொல்லலாம். அதுவும் ஒரு கருத்து. ஆனால் "இவன் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பது கருத்து அல்ல, அநியாயம். ஓர் உதையைக் குறை சொல்வது வேறு. ஒரு மனிதனைக் குப்பையில் போடுவது வேறு. டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டம் சொந்தம். ஆட்டக்காரரின் மானம் சொந்தம் அல்ல.

வெளிநாட்டில்

ஐரோப்பாவின் பெரிய குழுக்கள் டெய்னாவை முன்பே கேட்டன. போலந்து அரசாங்கம் அவரை விடவில்லை. 1978 நவம்பரில்தான் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி குழுவுக்குப் போக முடிந்தது. அப்போது அவருக்கு வயது 31. கால்களில் இருந்த நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. காயங்கள் வேறு. லீக் பந்தயங்களில் 38 ஆட்டங்களே ஆடினார். 12 கோல் போட்டார்.

'எஸ்கேப் டு விக்டரி' என்ற சினிமாவிலும் நடித்தார். 1981-ல் வெளிவந்த அந்தப் படத்தில் பீலேயும் பாபி மூரும்கூட நடித்திருக்கிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் உள்ள சான் டியாகோவுக்குப் போனார். அங்குள்ள குழுவில் 1987 வரை ஆடினார்.

பிறகு ஆட்டம் நின்றது. கை தட்டலும் நின்றது. சேமித்த பணத்தையும் இழந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குடிப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1989 செப்டம்பர் 1-ந் தேதி. சான் டியாகோவில் இரவு நேரம். டெய்னா காரை ஓட்டிப் போனார். சாலை ஓரம் நின்றிருந்த லாரி மீது கார் மோதியது. டெய்னா இறந்தார். வயது 41!

அன்று அவர் குடித்திருந்தார். அது அவருடைய குற்றம். அதை மறைக்கக் கூடாது. குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவன் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. எதிரே வருகிறவன் உயிரோடும் விளையாடுகிறான். வேறு உயிர் பலி ஆகி இருந்தால், இன்று சிலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

விசில் அடித்ததால்தான் அவர் குடித்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். லட்சம் பேர் பார்க்க ஆடிய மனிதர், ஆட்டம் முடிந்த பிறகு எப்படி இருக்கிறார் என்று எத்தனை பேர் விசாரித்தார்கள்?

பிறகு வந்த மாலை

1994-ல் போலந்தின் கால் பந்துப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டது. "போலந்தின் தலைசிறந்த வீரர் யார்?" டெய்னா என்றே முடிவு வந்தது! அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

அவர் அணிந்த 10-ம் எண்ணை லெகியா குழு இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. 2012-ல் அவருடைய அஸ்தியை அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து, வார்சாவில் ராணுவக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு லெகியா மைதானத்தின் முன்னால் சிலையும் வைத்தார்கள்.

"விசில் அடித்தவர்கள் வேறு; சிலை வைத்தவர்கள் வேறு" என்று சிலர் சொல்லலாம். வார்சா மக்கள் அவரை எப்போதும் கொண்டாடினார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெனால்டி தவறியபோது பழி சொன்னது ஓர் ஊர் அல்ல. பத்திரிகையில் ஓட்டுப் போட்டதும் ஓர் ஊர் அல்ல. அதே நாடுதான்! டெய்னா மாறவில்லை. 41 கோல்கள் 41 கோல்களாகவே இருந்தன. மாறியது மக்களின் மனம். அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே மாறி இருக்கக் கூடாதா?

சிலை வைத்தது தவறு அல்ல. தாமதமாக வந்த மாலையும் மாலைதான். ஆனால் செத்தவர் கழுத்துக்கு மாலையின் மணம் தெரியாது.

இது போலந்துக் கதை மட்டும் அல்ல. பந்து ஆட்டக் கதை மட்டும் அல்ல. பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிய பையனை, "நீ எதற்கும் லாயக்கு இல்லை" என்று வீட்டிலே திட்டுகிறோமே, அதுவும் விசில்தான். அவன் தேறிய மற்றப் பாடங்களை அப்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை ஒரு வீரர் பெனால்டியைத் தவற விட்டால், வாயில் விரலை வைக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அவர் இதுவரை எத்தனை கோல் போட்டார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிப்பதற்குள் கோபம் தணிந்துவிடும். கை தட்ட வேண்டும் என்று தோன்றினால், அன்றே தட்டிவிடுங்கள்.