ஊறல் நீரை ஆலையிலேயே அளப்போம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல் ஊறிய நீர் வெளியேறும்போது மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்தே வருகின்றன. நுண்ணுயிரிகள் காத்திராமல் உண்ணும் பொருள்கள் இவை. மாதிரி எடுத்த கேன் வெயிலில் பயணப்பட்டு வெளியூர் ஆய்வகத்தைச் சேர்வதற்குள் புளித்துவிடும். பனிக்கட்டியில் 4 டிகிரியில் வைக்காத மாதிரியின் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) உண்மையைவிடக் குறைவாகவே வரும். அந்த எண்ணை நம்பிக் காற்றூட்டும் நேரத்தைக் குறைத்தால் சுத்திகரிப்பே கெட்டுப்போகும்.

பிரிட்டனின் கழிவுநீர் ராயல் கமிஷன் 1912இல் தந்த எட்டாம் அறிக்கை, 5 நாள் பி.ஓ.டி. சோதனைக்கு நிலையான இடம் தந்தது. குளிர்நாட்டு ஆறுகளுக்காக வகுத்த முறை அது. நம் நாட்டில் ஐ.எஸ். 3025, பகுதி 44 அதை 27 டிகிரியில் 3 நாள் என்றாக்கியது. நம் வெப்பத்துக்குப் பொருத்தமான முடிவுதான். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக் கழிவுநீருக்கு வழக்கமாகக் கொள்ளும் வேக மாறிலியை (20 டிகிரியில் நாளுக்கு 0.23) வைத்துக் கணக்கிட்டால், 20 டிகிரியில் 5 நாளில் 68 விழுக்காடும், 27 டிகிரியில் 3 நாளில் 61 விழுக்காடும் சிதையும். பழைய பதிவேட்டு எண்களையும் புதியவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீர்நிலையில் விட லிட்டருக்கு 30 மி.கி., பாசன நிலத்தில் விட 100 மி.கி. என்ற பொது வரம்புகளுக்கு பி.ஓ.டி. வேண்டும். ஆலையை நடத்த அது போதாது. முடிவு கைக்கு வரும்போது அந்த நீர் தொட்டியைத் தாண்டிப் போயிருக்கும். சி.ஓ.டி.க்கு (வேதி ஆக்சிஜன் தேவை) இரண்டு மணி நேரச் செரிப்பு போதும். ஆனால் உமியிலிருந்து இறங்கும், எளிதில் சிதையாத பொருள்களையும் அது சேர்த்தே எண்ணும்.

எனவே சேற்றின் சுவாசத்தையே அளக்கலாம். காற்றூட்டுத் தொட்டியின் சேற்றுக் கலவையை, உணவு தீர்ந்து சுவாசம் நிலைப்படும்வரை காற்றூட்டுங்கள். நைட்ரிஃபிகேஷன் குறுக்கிடாதிருக்க அல்லைல்தயோயூரியா சேருங்கள். மூடிய புட்டியில் டி.ஓ. மீட்டரை இறக்கி, கரைந்த ஆக்சிஜன் குறையும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, சிறிதளவு ஊறல் நீர் விடுங்கள். வேகம் ஏறி, மீண்டும் பழைய நிலைக்கு இறங்கும். டி.ஓ. 2 மி.கி.யை நெருங்கினால் காற்றூட்டிவிட்டுத் தொடரலாம்.

வேகம் ஏறியதால் கூடுதலாகச் செலவான ஆக்சிஜனை 0.33ஆல் வகுத்தால் எளிதில் சிதையும் சி.ஓ.டி. கிடைக்கும். ஏ.எஸ்.எம். 1 என்ற சேற்றுச் சுத்திகரிப்புக் கணித மாதிரி (1987) கொள்ளும் 0.67 என்ற விளைச்சல் மதிப்பிலிருந்து வருவது இந்த 0.33. உண்ட உணவில் மூன்றில் இரண்டு பங்கு புதிய செல்லாகிறது, மீதிதான் ஆக்சிஜனைக் கேட்கிறது. 5 மில்லி ஊறல் நீர் கலந்த ஒரு லிட்டர் கலவையில் கூடுதலாக 4 மி.கி. ஆக்சிஜன் செலவானால், கலவையில் 12 மி.கி.; ஊறல் நீரில் லிட்டருக்குச் சுமார் 2,400 மி.கி. விளைச்சல் மதிப்பு ஆலைக்கு ஆலை சற்று மாறும் என்பதால் இதைச் சட்ட எண்ணாகக் கொள்ளக்கூடாது. இன்று காற்று எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுக்க இது தாராளமாகப் போதும்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்படி அளந்து காற்றூட்டி, அதன் பக்கம் வடியும் ஓடைகளில் ஆக்சிஜன் குறையாமல் காப்பது நம் தொழில் கடமை.

ஆலைகளில் பணியாற்றும் வாசகர்கள் இந்த அறுவடைப் பருவத்திலேயே சோதனையைத் தொடங்குங்கள். அதே நாள் பி.ஓ.டி., சி.ஓ.டி. எண்களோடு உங்கள் சுவாச அளவீடுகளையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஆலையின் பெயரின்றி வெளியிடுவோம்.