கரி எரிந்தது அங்கே! கை சுட்டது நமக்கா?

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் சகோதரரே! கல்லாவை மூடுமுன் கடையின் மின் கட்டண ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. 2023 ஜூலையில் ஏறியது. அப்போது வீடுகளுக்கு விலக்கு தந்தார்கள், கடைகளுக்குத் தரவில்லை! 2024 ஜூலையில் 4.83 சதவீதம். 2025 ஜூலையில் 3.16 சதவீதம். ஏன் என்று கேட்டால், நிலக்கரி விலை, மின்வாரியத்தின் கடன் என்கிறார்கள். சரி, அந்தக் கரியின் கதையைத்தான் கேட்போமே!

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி விருத்தாசலம் பக்கம் போனால் நெய்வேலி. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாக ஏதோ வருகிறதென்று கண்டதில் தொடங்கி, 1956-ல் நிறுவனம் வந்தது, 1962-ல் மின்சாரம் வந்தது. அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. ஏறக்குறையப் பாதி எடை ஈரம். கருப்பு நிலக்கரியைவிடச் சூடு குறைவு. ஒரு டன் கரிக்கு ஐந்து டன்னுக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். சுற்றியுள்ள விவசாயியின் போர்வெல் ஏன் ஆழம் போகிறது என்று இனியும் கேட்க வேண்டுமா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? பரவனாறு வாய்க்காலுக்காக, நட்டு நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின! உயர் நீதிமன்றம் தலையிட்டு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2020 ஜூலை 1-ம் தேதி கொதிகலன் வெடித்தபோது கருகியவர்களில் ஏழைத் தொழிலாளிகளும் உண்டு.

நெய்வேலிக் கரி மட்டும் தமிழ்நாட்டுக்குப் போதாது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்தும், கடல் தாண்டி இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இங்கேதான் வியாபாரி காது கொடுத்துக் கேட்க வேண்டும். 2014 ஜனவரியில் இந்தோனேசியாவில் டன் 28 டாலர் விலை போட்ட தரம் குறைந்த கரி, நம் மின்வாரியத்துக்கு உயர்தரக் கரி என்று 91 டாலருக்கு மேல் விற்கப்பட்டதாக 2024 மே மாதம் லண்டன் ஃபைனான்சியல் டைம்ஸ் ஆவணங்களோடு எழுதியது. விற்றது அதானி குழுமம் என்றது. அக்குழுமம் இதை மறுத்துள்ளது. யார் சொல்வது உண்மை என்பதை வெளிப்படையான விசாரணை சொல்லட்டும். நம் பாய் ஒருவர் ரேஷன் அரிசியைப் பொன்னி என்று விற்றால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு! கப்பல் கப்பலாக வருவதற்கு மட்டும் தராசு கிடையாதா?

மேற்கே திரும்புங்கள். கல்வராயன் மலை. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-ல்தான் விடுபட்ட மக்கள். 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகே அவர்களுடைய சாலை, மருத்துவம், பள்ளி பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. வெள்ளிமலைப் பாதையில் தலையில் விறகுச் சுமையோடு வரும் பெண்களை நீங்கள் பார்த்ததில்லையா? இத்தனை கரி எரிந்தும் அவள் அடுப்புப் புகை ஓயவில்லை.

இளைஞர்களே, உடனே அனல் நிலையங்களை இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. கடையில் கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல்தான். அப்போது சூரியன் இல்லை. காற்றாலையில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய மாநிலம் இது. காற்றும் ஆடி மாதம்போல் தை மாதம் வீசாது. பகலில் வரும் மின்சாரத்தைச் சேமித்து இரவுக்குத் தரும் ஏற்பாடு பெருகும்வரை கரி எரியத்தான் செய்யும். எண்ணெய்க் காசில் பாதி குடும்பங்கள் நிமிர்ந்த சமுதாயம் நாம். அரபு நாடுகளே பாலைவனத்தில் சூரியத் தகடு விரிக்கும்போது நம் மாடிகள் ஏன் சும்மா கிடக்கின்றன?

எரிகிறவரை கணக்கு வேண்டும். 2022 ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் மக்களிடம் கருத்துக் கேட்டது. நம் வியாபாரிகள் எத்தனை பேர் போனோம்? அந்த உத்தரவின் காலம் 2026-27 வரை. அடுத்த விசாரணைக்கு ஒவ்வொரு வியாபாரிகள் சங்கமும் இரண்டு பேரை அனுப்பட்டும். எந்தக் கப்பல், என்ன தரம், டன் என்ன விலை, சோதித்தது யார்? இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வரட்டும்.